இரண்டு கல்லும் மேலே ஒரு கல்லும்

கோணிச் சாக்கைப் போர்த்தி வைத்தும் பிரயோஜனமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காலனிக்கே தெரிந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

கணேசமூர்த்தி பால் டிப்போவிலிருந்து இரண்டு பாட்டிலோடு திரும்பும்போது எட்டாம் நம்பர் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் வெளியே வந்தால் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

"மிஸ்டர் கணேசமூர்த்தி, அது வாசலா, ஜன்னலா?"

"எது சார்?"

"சாக்குக்குள்ள நிக்கிறது. வாசல்னா கதவு இல்ல. ஜன்னல்னா கம்பி இல்ல. பெஞ்சுன்னு வெச்சுக்கிட்டா ஏணி வெச்சு ஏறித்தான் உக்காரணும். ஒரு நினைவுச்சின்னம்னா பாக்கிறவனுக்கு ஒரு அர்த்தம் தெரிய வேண்டாமா?"

தெரு மூலையில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு கருங்கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லை வைத்திருந்தார்கள். மேல்கல்லின் முகப்பில் 'தங்கபுஷ்பம் டீச்சர் நினைவாக' என்று வெட்டியிருந்தது. அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் டீச்சர் ஆற்றோரப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் நடத்தியவள். போன வருஷம் கார்த்திகை மழையில் அடையாறு பெருகிப் பள்ளிக்குள் தண்ணீர் நுழைந்தது. டீச்சர் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒன்று முதுகில் ஒன்று என்று குழந்தைகளைச் சுமந்து மேட்டு ரோட்டில் கொண்டுவந்து விட்டாள். பதினேழு குழந்தைகள். குப்பத்துக் குழந்தைகள் பத்து, காலனிக் குழந்தைகள் ஏழு. கடைசி நடையில் குழந்தையை ரோட்டில் நின்றவர்களிடம் நீட்டிவிட்டாள். நீட்டிய கையைப் பிடிப்பதற்குள் தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை.

அந்தப் பதினேழில் ஒருத்தி கணேசமூர்த்தியின் மகள் ரேவதி. அதனால்தான் காலனிச் சங்கச் செயலாளர் என்ற பதவியை, அதுவரை கடிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் வைத்திருந்த மனிதர், இந்த ஒரு காரியத்துக்காக முதல் தடவையாகத் தலைமேல் போட்டுக்கொண்டார். முதல் வருஷத் திதி வருவதற்குள் கல் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் பேர்மேல் ஒரு சொல் விழக்கூடாது. இரண்டே ஆசைதான் அவருக்கு.

வடிவம் பற்றி ஆரம்பத்தில் ஒரு சண்டையும் இல்லை. சிலை வைக்கலாம் என்றார்கள் சிலர், கையில் புத்தகம் கொடுக்கலாம் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் புருஷனையே கேட்போம் என்று முடிவாயிற்று. புருஷன் வைரவன், தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் நிற்கிறவர். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போகிற அம்மாளிடமும் 'பரவாயில்லம்மா' என்று சொல்லிச் சொல்லிக் குரலே இறங்கிப்போன மனிதர்.

"ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு வெச்சாப் போதும் சார்" என்றார் அவர். "வேற ஒண்ணும் வேண்டாம்."

எல்லோரும் அவருடைய அடக்கத்தை மெச்சினார்கள். கல்தச்சன் பக்கிரி பத்து நாளில் முடித்துவிட்டான். இத்தனை சுலபமாக ஒரு காரியம் காலனியில் நடந்ததேயில்லை என்று கணேசமூர்த்தி மனைவி லோகநாயகியிடம் பெருமைப்பட்டுக்கொண்டது போன வாரம்தான்.

இப்போது எட்டாம் நம்பர் அர்த்தம் கேட்கிறார்.

அன்று சாயங்காலமே கணேசமூர்த்தி வைரவனைத் தேடிப்போய், தயங்கித் தயங்கி, அந்தக் கல்லுக்கு ஏதாவது விசேஷ அர்த்தம் உண்டா என்று கேட்டார். வைரவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, அர்த்தம் என்று ஒன்றும் இல்லை சார், சும்மாதான் என்றார்.

அர்த்தம் இல்லையென்றால் உண்டாக்க வேண்டியதுதானே. கணேசமூர்த்தி தேனாம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் கடிதம் டிராஃப்ட் செய்கிறவர். இல்லாத காரணத்தை இருப்பதுபோல எழுதுவதில் அவருக்கு நல்ல பழக்கம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். இடது கல் அறிவு. வலது கல் தொண்டு. இரண்டின்மீதும் நிற்பது சமூகம். பெயிண்டரிடம் கொடுத்து ஒரு பலகையில் எழுதி வாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். இனி வருகிறவர் போகிறவரெல்லாம் தாமாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாக்கையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பதினொன்றாம் நம்பர் வீட்டு அம்மாள் வந்தாள். அறிவை ஏன் இடதுபக்கம் வைத்தீர்கள், அது பீச்சாங்கைப் பக்கமல்லவா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னாலேயே எட்டாம் நம்பர்.

"அறிவும் தொண்டும் வெயில்ல நின்னு தாங்குது. சமூகம் மேல சொகமாப் படுத்துக்கிட்டு இருக்குது. நெசந்தான் மிஸ்டர் கணேசமூர்த்தி. ஆனா அதைக் கல்லுல காட்டலாமா?"

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது தேர்தல் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத வருஷம். சுவரெல்லாம் பழைய சின்னங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. டீக்கடையில் யாரோ பலகையைப் படித்துவிட்டு, இரண்டு கல் நிற்பது அறிவும் இல்லை, தொண்டும் இல்லை, இரண்டு இலை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடியும்போது இரண்டு கல்லும் பச்சையாக நின்றன. பெயிண்ட் இன்னும் காயவில்லை. கணேசமூர்த்தி மண்ணெண்ணெய் வாங்கிவந்து ஆபீஸுக்குப் போகுமுன் துடைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பல்லவன் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு கல்லுக்கும் நடுவில் வட்டமான தகரம் ஒன்றைச் சிவப்படித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

"இலையும் வேண்டாம் சூரியனும் வேண்டாம். நடுவுல இன்னொரு கல்லை நட்டுரு" என்றார் கணேசமூர்த்தி பக்கிரியிடம்.

"மூணு கல்லா சார்?" பக்கிரி தலையைச் சொறிந்தான். "அப்டி நான் எங்கியும் வெச்சதில்லியே. ரெண்டுதான் வெப்பாங்கோ."

"நீ நடுப்பா."

நட்டான். வைரவனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று கணேசமூர்த்தி போய்ச் சொன்னார். நடுவில் ஒரு கல் பலத்துக்காக என்றார். வைரவன் மேல்சட்டைப் பொத்தானைத் திருகியபடி, உங்க இஷ்டம் சார் என்றார். கதவுவரை வந்து, "மேல்கல்லு அப்படியேதான இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அது அப்படியே இருக்கும்."

"அப்பச் சரி சார்."

மூன்று கல்லும் ஒரு நாள் நிம்மதியாக நின்றன. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலனியின் கிரிக்கெட் வீரர்களுக்கு இத்தனை உறுதியான ஸ்டம்பு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. பெயில்ஸ்கூட நிரந்தரமாக வைத்திருந்தது. ரன் அவுட்டா இல்லையா என்ற தகராறில் 'டீச்சர்' என்ற சொல்லின் ஒரு முனை தெறித்தது. கணேசமூர்த்தி அவர்களை விரட்டிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் பதினொன்றாம் நம்பர் அம்மாள் சங்கத்துக்கு எழுத்து மூலம் ஒரு புகார் கொடுத்தாள். நெற்றியில் இட்டதுபோல மூன்று செங்குத்துக் கோடுகள் நிற்கின்றன. இது அப்பட்டமான நாமம். டீச்சர் குடும்பம் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். செத்தவளுக்கு நாமம் போடுவது எந்த ஊர் நியாயம்? இதைக் கேள்விப்பட்ட மூன்றாம் நம்பர்க்காரர், நாமம்தான் என்றால் நடுக்கல்லுக்குச் சிவப்பு அடிப்பதுதானே முறை என்று யோசனை சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாரா பக்தியாகச் சொன்னாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

நடுக்கல்லைப் பிடுங்கினார்கள். பழையபடி இரண்டு கல், மேலே ஒரு கல்.

பிடுங்கிய அன்று காலையில்தான் கணேசமூர்த்தி கெங்கம்மாவைப் பார்த்தார். குப்பத்திலிருந்து காலனித் தெருவில் கூவிக்கொண்டே மந்தைவெளி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிறவள். அவளுடைய இரண்டு குழந்தைகளும் டீச்சரின் பதினேழில் சேர்த்தி. தலைக்கூடையை இறக்கி மேல்கல்மேல் வைத்தாள். ஒரு மூச்சு நின்றாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பவும் கூடையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் அப்படியே செய்தாள்.

குப்பம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்குள் என்ன களைப்பு என்று அவர் கேட்டார்.

"களைப்புக்கா எறக்குறோம்? இங்க எறக்கினுதான் போவணும் சார்" என்றாள் கெங்கம்மா.

நன்றிக்குச் செய்கிறார்கள் என்று கணேசமூர்த்தி நினைத்துக்கொண்டார். ஆனால் எட்டாம் நம்பர் சுத்த சைவம். மீன் தண்ணீர் கல்லில் வழிந்து தன் வீட்டுப் பவழமல்லிச் செடிவரை வருகிறது என்று அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து முறையிட்டார். கணேசமூர்த்தி தயங்கியபடி விஷயத்தைச் சொன்னதும் கெங்கம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணிதானே, கழுவிவிட்டுப் போகிறேன் என்றாள்.

கழுவினாள். கழுவின கல்லை வெறுமனே விட அவளுக்கு மனசு வரவில்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மூன்றாம் நாள் ஒரு அகல் விளக்கு. நாலாம் நாள் குப்பத்து வேதக்காரப் பெண்கள், நம்ம பிள்ளைகளையும் தானே டீச்சர் தூக்கினாங்க என்று ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். இது கோயிலா மாதா கெபியா என்று காலனி இரண்டுபட்டது. எட்டாம் நம்பர் கோயில் கட்சி. மெழுகு கல்லில் உருகி ஒட்டினால் சுரண்ட முடியாது என்பது அவருடைய வாதம்.

திதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தபோது சங்கத் தலைவர் சுவாமிநாதன் டெல்லியில் பெண் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து சேர்ந்தார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். இனிக் கவலையில்லை என்று கணேசமூர்த்தி டாக்சிக்கே போய் நின்றார். சுவாமிநாதன் இறங்கினார். ஹோல்டால் மூட்டையை இறக்கவில்லை. மூலையையே பார்த்தார்.

"யாரு வெச்சது இது?"

"நம்ம சங்கம்தான் சார். டீச்சருக்கு…"

"டீச்சருக்கா?" அவர் முகம் மாறியது. "சாயங்காலம் கமிட்டியைக் கூப்பிடும்."

கமிட்டி அவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடும். கார் கிடையாது, ஷெட் மட்டும்தான். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு சுவாமிநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நான் முப்பது வருஷம் ரோடு போட்டவன். ரோடு அகலப்படுத்தறப்போ இந்தக் கல்லு நூறாவது பாத்திருப்பேன். ஒவ்வொண்ணுக்கும் ஊர்க்காரா வந்து தொடாதேம்பா. இது சுமைதாங்கி. தலைச்சுமைக்காரா இறக்கி வெக்கறதுக்குன்னு நெனைச்சுண்டு இருக்கேள். அது சரி. ஆனா யாருக்காக நடறதுன்னு தெரியுமோ?"

யாருக்கும் தெரியவில்லை.

"வயித்துல பிள்ளையோட போனவளுக்கு. சுமையை இறக்காமலே போயிட்டாளே, வழியோட போறவா தங்களோட சுமையை இதுமேல இறக்கி வெச்சா அவ சுமை இறங்கும்னு ஒரு நம்பிக்கை. பிள்ளைத்தாச்சியாப் போனவளுக்கு மட்டும்தான் நடுவா. இன்னொருத்தருக்கு நடமாட்டா."

கார் ஷெட்டில் பெருச்சாளி ஓடும் சத்தம் கேட்டது.

கடைசியில் பதினொன்றாம் நம்பர் அம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள், ஒன்பது வருஷம் ஒன்றுமில்லாதவளுக்கா அந்தக் கல்லை வைத்தோம் என்று.

வைரவனுக்குத் தெரிந்திருக்காது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பாவம், ஊரில் வழியோரம் எங்கேயோ பார்த்திருப்பார்; பார்க்க அடக்கமாக இருக்கிறதென்று கேட்டிருப்பார். கல்லை எடுத்துவிட வேண்டும். ஆனால் என்ன காரணத்துக்காக எடுக்கிறோம் என்று அவர் காதுக்கு மட்டும் போகக்கூடாது. போனால் மனுஷன் தாங்கமாட்டார். இதற்கு ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. அந்தக் கமிட்டி ஒருமனதாக எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

வீட்டுக்கு வந்து கணேசமூர்த்தி விஷயத்தைச் சொன்னபோது லோகநாயகி தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்.

"என் தங்கச்சி வளைகாப்புக்குத் தெருவுல எல்லாரையும் கூப்பிட்டேன். டீச்சரை மட்டும் விட்டுட்டேன். தெரிஞ்சுதான் விட்டேன். அன்னிக்கு மத்தியானம் அவ ரேவதியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டா. உள்ள பாட்டுச் சத்தம் கேக்குது. சிரிச்சுட்டுப் போயிட்டா."

"லோகா…"

"உசுரோட இருக்கிறப்போ நாங்க குத்தினது போதாதா? செத்தும் அதையே கல்லுல குத்தி வெக்கணுமா? நாளைக்கே எடுத்துருங்க."

அன்றிலிருந்து கணேசமூர்த்தி பொய் சொல்ல ஆரம்பித்தார். நல்ல காரணத்துக்குச் சொல்கிற பொய் தானாக நடந்துவிடும் என்று நினைத்தார்.

முதல் பொய், கார்ப்பரேஷன் ரோட்டை அகலப்படுத்தப் போகிறது, கல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. வைரவன் எப்போதும்போல உங்க இஷ்டம் என்பார் என்று எதிர்பார்த்தார். அன்று அவர் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, புடவை அளக்கிற இன்ச் டேப்போடு தெருமூலையில் குந்தி ரோட்டை அளந்துகொண்டிருந்தார். எட்டாம் நம்பர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னதும் கணேசமூர்த்தி ஆபீஸுக்கு அரைநாள் லீவு எழுதினார்.

"ரெண்டடி தள்ளி வெச்சாப் போதும் சார்" என்றார் வைரவன். சட்டை முதுகெல்லாம் வேர்த்திருந்தது. "நானே ரிப்பன் பில்டிங் போய் மனு குடுத்துட்டு வாரேன். என்ன கேட்டாலும் எழுதித் தாரேன். கல்லை எடுக்க மட்டும் வேண்டாம் சார்."

அவர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கணேசமூர்த்தி பயந்துபோனார். ரிப்பன் பில்டிங்குக்குப் போனால் அங்கே ரோடே இல்லை, அகலமே இல்லை என்று தெரிந்துவிடும். ரோடு விஷயம் கைவிடப்பட்டது என்றும், உண்மையான காரணம் கல்லில் விரிசல் என்றும், சுமை வைத்தால் சரிந்து யார் தலையிலாவது விழும் என்றும் சொல்லிவைத்தார்.

இது பக்கிரி காதுக்குப் போயிற்று. மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் மூன்று தலைமுறையாகக் கல் அடிக்கிறவன். அவன் அப்பன் கொத்தின கல்லில் இன்றைக்கும் ஒரு கீறல் காட்ட முடியாது.

"எங்க சார் வெரிசல்? காட்டு." அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்கல்மேல் ஏறி நின்றான். பிறகு குதித்தான். திரும்பவும் குதித்தான். "நீயும் ஏறு சார். எட்டாம் நம்பர் அய்யாவையும் ஏத்து. ஒடஞ்சா நான் தொழிலை வுட்டுடறேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. கெங்கம்மாவும் மற்ற மீன்காரிகளும் கூடையோடு நின்று, எவ்வளவு நேரம் குதிப்பே, நாங்க எறக்கணும், எறங்கு நைனா என்றார்கள். வைரவனும் ஓரமாக நின்று பார்த்தார். பக்கிரி மேலே குதித்துக்கொண்டிருக்க, அவர் முகத்தில் அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்துபோனது. கல் அசையவில்லை.

அதைப் பார்த்த கணேசமூர்த்திக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. எடுக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் அதற்குள் ஷெட்டில் கேட்ட விஷயம் மெதுவாகக் கசிய ஆரம்பித்திருந்தது. மார்க்கெட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம், மலடிக்குச் சுமைதாங்கி வைத்திருக்கிறார்களாமே என்று கேட்டு இருவரும் சிரித்ததை லோகநாயகி தன் காதாலேயே கேட்டுவிட்டு, வாங்கின கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். இந்தச் சிரிப்பு வைரவன் கடைவரை போக எத்தனை நாளாகும்?

மூன்றாவதாக ஒரு பொய் சொன்னார். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. டீச்சருக்கு இன்னும் கௌரவமாக, வழவழப்பான ஒரே தூணாக, உச்சியில் மின்சார விளக்கோடு வைக்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது என்றார். எல்லோருடைய ஆசையும் அதுதான் என்றார்.

வைரவன் மேல்சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"எல்லார் ஆசையுமா சார்?"

"எல்லார் ஆசையும்தான்."

"அப்ப உங்க இஷ்டம் சார்." பிறகு, "எடுக்கிற அன்னிக்கு நானும் கூட நிக்கலாமா?" என்று கேட்டார்.

நிற்கலாம் என்று சொல்லி அனுப்பினார் கணேசமூர்த்தி. ஆனால் அந்த மனிதர் கண் முன்னால் பெண்சாதி பேர் வெட்டின கல்லைக் கடப்பாரை போட்டு நெம்ப அவருக்கு மனசு வரவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், வைரவன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்துவிட்டார்கள். பக்கிரி வரமாட்டேன் என்றுவிட்டான். வேறு ஆட்கள் வந்து எடுத்தார்கள். மூன்று கல்லும் மாட்டு வண்டியில் போயின. மறுநாள் காலை மீன்காரிகள் அந்த மூலைக்கு வந்ததும், கூடையைத் தலையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். கெங்கம்மா கணேசமூர்த்தியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் வீட்டுத் தெருவில் அவள் கூவுவதையே நிறுத்திவிட்டாள்.

திதியன்று தூண் திறந்துவைக்கப்பட்டது. வழவழவென்று, உருண்டையாக, இலையும் இல்லாமல், மலையும் இல்லாமல், நாமமும் இல்லாமல் நின்றது. கூடை வைக்க இடமில்லை. பந்து அடித்தால் சறுக்கிக்கொண்டு போகும். எட்டாம் நம்பர் மூன்று தடவை சுற்றிவந்து பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு அர்த்தமும் தெரியவில்லை என்று பாராட்டினார். சுவாமிநாதன் பேசினார். பதினேழு குழந்தைகளும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பூவை வைத்தார்கள். ரேவதி வைக்கும்போது லோகநாயகி புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். வைரவனுக்குச் சங்கம் சார்பில் ஒரு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றித் தூணடியில் வைத்துவிட்டு, கூட்டம் கலையும்வரை பின்னால் தள்ளி நின்றார்.

எல்லோரும் போன பிறகு கணேசமூர்த்தி அவரிடம் போனார். காரியம் முடிந்துவிட்டது. சொல் எதுவும் விழவில்லை. ஆனால் மூன்று பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் முகத்தைத் தினமும் பார்க்க முடியாது என்று தோன்றியது. இனிமேல் தெரிந்தால் என்ன, கல்தான் இல்லையே.

"வைரவன், உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். ரோடும் இல்ல, விரிசலும் இல்ல."

"தெரியும் சார்."

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான். நீங்க தெரியாமக் கேட்டுட்டீங்க. அந்தக் கல்லு வயித்துல குழந்தையோட போனவங்களுக்கு வைக்கிறதாம். ஊரு ஒண்ணு சொல்லிடக்கூடாது, டீச்சர் பேருக்கு ஒரு குறை வந்துடக்கூடாதுன்னு, காலனியே சேர்ந்து உங்களுக்குத் தெரியாம மறைச்சோம். மன்னிச்சுக்குங்க."

வைரவன் தூணைப் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில், முன்னே இரண்டு கல் நின்ற குழிகளில் புதுமண் போட்டு மூடியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லார்ட்டயும் சொல்லுவோம்னு அவ சொன்னா சார்."